பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் சொட்டு மருந்து போடலாமா?

கேள்வி: எட்டு மாத வயதுள்ள, வெய்ல்டு என்ற வெளிநாட்டு இனப் பச்சோந்தி ஒன்றை இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் வாங்கினேன். ஒரு வாரமாகப் பூச்சியைத் தொடுவதே இல்லை. பகலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறான். ஒரு கண் குழி விழுந்த மாதிரி இருக்கிறது. அதற்கு முன் சில நாள் கூண்டின் அடியிலேயே அலைந்துகொண்டிருந்தான். விற்றவரைக் கேட்டதற்கு, வைட்டமின் குறைபாடு என்று சொல்லி ஒரு கண் சொட்டு மருந்தின் பெயரையும் குழந்தைகளுக்குத் தரும் வைட்டமின் சொட்டின் பெயரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொடுக்கலாமா? - கோவை வாசகர்

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

சீட்டே இல்லாமல் நம் ஊர் மருந்துக் கடைகளில் நீட்டப்படும் கண் சொட்டு மருந்துகள் பலவற்றில், ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். கருவிழியில் ஊசி முனை அளவு புண் இருந்தாலும் ஸ்டீராய்டு அதை ஆழமாக்கிவிடும். அப்புறம் கண்ணையே காப்பாற்ற முடியாமல் போகலாம். வைட்டமின் விஷயம் இன்னும் மோசம். ஏ, டி இரண்டும் சிறுநீரில் வெளியேறாமல் உடம்பிலேயே தங்குகிறவை. பத்து கிலோ குழந்தைக்காகக் கணக்குப் போட்ட சொட்டை நூறு கிராம் சொச்சம் எடையுள்ள பிராணியின் வாயில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏ அதிகமானால் தோல் உரிந்து கழன்று வரும். டி அதிகமானால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். ஏ குறைந்தாலும் பச்சோந்திக்குக் கண் கெடும், அது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பாலும் இமை வீங்கும். உங்களுடையதற்குக் கண் உள்ளே போயிருக்கிறது என்கிறீர்கள். கண் குழி விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீர்ப் பற்றாக்குறையைத்தான்.

பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. வெளியே காட்டில் இலை மேல் நிற்கும் பனியையும் மழைத் துளியையும் நக்கிக் குடித்துப் பழகிய பிராணி அது. கூண்டுக்குள் அழகாக ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, "தண்ணீர் எப்போதும் இருக்கிறது டாக்டர்" என்று சொல்கிறவர்கள் அநேகம். காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடமாவது இலைகள் சொட்டச் சொட்ட ஸ்ப்ரே செய்யுங்கள். கூடவே, மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப் செட்டை ஒரு தண்ணீர் பாட்டிலில் மாட்டி, கூண்டுக்கு மேலிருந்து இலை மீது சொட்டு சொட்டாக விழ விடுங்கள். எச்சத்தைப் பாருங்கள்: அதன் ஒரு பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும். அது ஆரஞ்சாகவோ அடர் மஞ்சளாகவோ இருந்தால் தண்ணீர் போதவில்லை. அவசரப்பட்டு சிரிஞ்சில் தண்ணீரையோ அரைத்த உணவையோ வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். மூச்சுக் குழாயின் வாய் நாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். கால்சியம் குறைந்து தாடை மெலிந்திருந்தால், வாயைத் திறக்க நீங்கள் கொடுக்கும் அழுத்தத்திலேயே தாடை முறியும்.

விளக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. என்னவாக இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. "யுவி பல்பு" என்று சொல்லி நீல நிற எல்இடி ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதில் யுவிபி கதிர் (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை) வராது. யுவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் பவுடர் தூவினாலும் உடம்பில் சேராது. கால் வளையும், பிடி தளரும், நாக்கை வீசி இரை பிடிக்க முடியாமல் போகும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுமே என்பார்கள். கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், வெப்பம் மட்டும்தான் உள்ளே வரும். ஊர்வனவற்றுக்கென்றே வரும் நீள டியூப்பை வாங்குங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றுங்கள், ஏனென்றால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் தேய்ந்துவிடும்.

சரி, இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, "கூண்டின் அடியிலேயே அலைந்துகொண்டிருந்தான்" என்ற வரிதான். அவன் அவன்தானா?

பின்னங்காலைப் பாருங்கள். வெய்ல்டு இனத்தில் ஆணுக்குக் குதிகால் பக்கம் பின்னோக்கி நீட்டிக்கொண்டு ஒரு சிறு முளை இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும்போதே இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. ஆண்தான் பெரிதாக வளரும், நிறமும் கொண்டையும் எடுப்பாக இருக்கும், கேட்கிற விலையும் கிடைக்கும். அதனால் குஞ்சாக இருக்கும்போதே எல்லாவற்றையும் ஆண் என்று சொல்லி விற்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். உங்களுடையது பெண்ணாக இருந்தால் எட்டு மாதம் என்பது முட்டையிடும் வயது. ஜோடி சேர்க்கவில்லையே என்று கேட்காதீர்கள். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதல்லவா, இதுவும் அப்படித்தான். ஒரே ஈட்டில் இருபதிலிருந்து எழுபது முட்டை வரை வரும். அதை மண்ணைத் தோண்டிப் புதைத்தால்தான் அதற்கு நிம்மதி. தோண்ட இடம் இல்லாவிட்டால் முட்டைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு சோர்ந்து, கண்ணை மூடி, செத்துப்போகும்.

ஆகவே பெண் என்று தெரிந்தால், ஒரு அடி ஆழமுள்ள டப்பாவில் மணலும் மண்ணும் கலந்து, கையால் குடைந்தால் சுரங்கம் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்தி உள்ளே வையுங்கள். கூண்டைத் துணியால் மூடுங்கள். அரை மணிக்கொருமுறை எட்டிப் பார்க்காதீர்கள், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடும். வீடியோ எடுக்கவும் வேண்டாம். இங்கேதான் கவனம் தேவை. முட்டைக்குத் தயாராகும் பெண் சாப்பாட்டைக் குறைப்பது இயல்பு. கண் திறந்திருக்கிறது, சுறுசுறுப்பாகத் தோண்ட இடம் தேடுகிறது என்றால் மண் டப்பாவை வைத்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். கண் மூடிவிட்டது என்றால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, மண் டப்பா மட்டும் போதாது. எக்ஸ்-ரே எடுத்து முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் டாக்டர் முதலில் திரவமும் கால்சியமும் ஏற்றிப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஊசி, அதற்கும் மசியவில்லை என்றால் அறுவை சிகிச்சை. பிழைத்தால், அடுத்த ஈட்டுக்கு முன் தீனியையும் கூண்டின் சூட்டையும் குறையுங்கள். நிறையத் தின்னும் பெண் நிறைய முட்டை போடும்.

நீங்கள் சொன்ன நிலையில், ஆணோ பெண்ணோ, நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். யாரைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கால்நடை மருத்துவப் படிப்பில் மாடும் ஆடும் கோழியும் போக மிச்சமிருக்கும் மூலையில்தான் ஊர்வன வருகின்றன. இந்தப் பிராணிகள் இங்கே விற்பனையாகி எத்தனையோ வருடமாகிறது, மாவட்டத்துக்கு ஒருவரையாவது பயிற்றுவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. இத்தகைய வெளிநாட்டுப் பிராணிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் பதிவு செய்ய இடம் வைத்தவர்கள் வைத்தியம் பார்க்கவும் இடம் வைத்திருக்கலாம். இப்போதைக்கு வழி இதுதான்: நாமக்கல், சென்னை வேப்பேரி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைக்குப் போன் செய்து, ஊர்வன பார்ப்பவர் இன்று இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்காமல் போய் வரிசையில் நிற்காதீர்கள்.

ரசீது இல்லையே, டாக்டரிடம் போனால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்துச் சாகடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைக் கிளப்புவதே விற்றவர்தான். "குரூப்பில் கேளுங்கள், டாக்டருக்கு ஒன்றும் தெரியாது" என்பார். செத்தால் இன்னொன்று விற்கலாம், அவருக்கென்ன.

இன்னும் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். வெய்ல்டு பச்சோந்தி ஏமனிலும் சவூதியிலும் வாழ்வது, வளர்ந்தால் தலைமேல் கொண்டை உயர்ந்து நிற்கும். உங்களுடையதற்குக் கொண்டை தாழ்வாக இருந்தால், நம் வேலிக்காட்டில் பிடித்த இந்தியப் பச்சோந்தியையே வெளிநாட்டுப் பெயர் சொல்லித் தலையில் கட்டியிருக்கலாம். அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். நீங்களே கொண்டுபோய் ஏதாவது மரத்தில் விட்டுவிட வேண்டாம், இந்த நிலையில் அது இரை பிடிக்காது.

டாக்டரிடம் போகும்போது, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒரு குச்சியை வைத்து எடுத்துப் போங்கள். காரில் ஏசிக் காற்று நேராகப் படக் கூடாது. புதிய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், குடல் புழுவையும் ஒட்டுண்ணியையும் அதில்தான் பார்ப்பார்கள். கூண்டை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். விளக்கின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.