இறக்கை சுருங்கிய தேனீக்கள்: குளவியா காரணம்?

பினாங்கின் பாலிக் புலாவில் உங்கள் தேனீப் பெட்டி வாசலில் இறக்கை சுருங்கிய இத்தாலியத் தேனீக்கள் ஊர்வதற்குக் குளவி காரணமில்லை. இறக்கையைச் சிதைக்கும் ஒரு வைரஸ்தான் காரணம்; செத்த தேனீயைத் தின்னும் குளவிக்குத்தான் அந்த வைரஸ் தேனீயிடமிருந்து தொற்றுகிறது. பூக்கள் வழியே பக்கத்துக் கெலுலுட்டுக்கும் (கொடுக்கில்லாத சிறு தேனீ) போகலாம்.

பெட்டிக்குள் அதைப் பரப்புவது பெரும்பாலும் வர்ரோவா உண்ணி. கூட்டுப்புழுவைக் கடித்து, ஊசி போட்டதுபோல் வைரஸை நேரே உடலில் ஏற்றிவிடும்.

சோதித்துப் பாருங்கள்: ராணி இல்லாத புழு அடையிலிருந்து அரை கப் தேனீக்கள் (ஏறத்தாழ 300), வலைமூடி போட்ட போத்தல், 2 மேசைக்கரண்டி ஐசிங் சுகர். ஒரு நிமிடம் உருட்டி, இரண்டு நிமிடம் விட்டு, வெள்ளைத் தட்டில் உதறி எண்ணுங்கள். 9 உண்ணிக்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மழை நாளில் செய்யாதீர்கள். பினாங்கு ஈரத்தில் சீனி கட்டிபிடித்து, உண்ணி குறைவாகவே உதிரும்.