கல்லில் குடியேறிய பாக்டீரியா

கேள்வி: எங்கள் முண்டு மிளகாய்க் கொல்லையில் இலைப்பேனுக்கு மருந்து அடித்த பிறகு, தெளிப்பானை ஊருணிக் கரையில்தான் கழுவுகிறோம். பாக்டீரியா ஏற்றிய கல்தூளை ஊருணியில் தூவினால் மருந்தெல்லாம் முறிந்துவிடும் என்கிறார் ஒரு வியாபாரி. நம்பலாமா?
– ஒரு வாசகி, உப்பூர்

பதில்: பாக்டீரியா மருந்தை முறிக்கும் என்பது உண்மை, ஊருணியில் தூவச் சொன்னதுதான் தவறு. பிலிப்பைன்ஸ் நெல்வயலில் கிடைத்த ஒரு பாக்டீரியா டயசினான், பாரத்தியான் ஆகிய மருந்துகளைச் சிதைப்பதை 1973-இல் வெளியான ஆய்வே காட்டியது. அதன் நொதி, மருந்தில் உள்ள பாஸ்பரஸ் பிணைப்பை நீரின் துணையோடு பிளக்கிறது.

கல்தூள் எதற்கு என்றால், தனியே விடப்படும் பாக்டீரியா தண்ணீரோடு அடித்துச் செல்லப்படும், பிற உயிர்களுக்கு இரையாகும். சியோலைட், வெர்மிகுலைட் போன்ற கனிமங்களில் ஒட்டிக்கொண்டால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். (சியோலைட்டின் நுண்துளைகளுக்குள் அது குடியிருக்கிறது என்று விளம்பரங்கள் சொல்லக்கூடும், அத்துளைகளைவிட பாக்டீரியா சுமார் ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ பெரியது. அது ஒட்டுவது மேற்பரப்பிலும் விரிசல்களிலும்தான்.)

இங்கே ஒரு மயக்கம் உண்டு. கனிமமும் மருந்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தண்ணீரில் மருந்து குறைந்ததாகச் சோதனை காட்டினாலும், அது முறிந்ததா, கல்லில் ஏறி அடிச்சேற்றில் படிந்ததா என்பது தெரியாது. முறிந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை: குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து உடையும்போது உண்டாகும் டிரைகுளோரோபிரிடினால் நுண்ணுயிர்களையே ஒடுக்கக்கூடியது, அதையும் தின்னும் இனம் வேண்டும். மேலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பும் உங்கள் ஊருணி சித்திரையில் வற்றி உப்பேறும்போது, நன்னீரில் வளர்த்த இனம் தாங்குமா என்பதும் சந்தேகமே. குடிநீருக்கும் அதுவே ஊருணி என்றால், இச்சோதனையை அங்கே செய்யவே கூடாது.

இந்த முறை பொருந்துவது, மருந்து ஓரிடத்தில் அடைபட்டு, தண்ணீர் மெதுவாகக் கசியும் படுகைகளுக்குத்தான். ஸ்வீடன் விவசாயிகள் 1990-களிலிருந்து வைக்கோல், பீட் எனப்படும் சதுப்புநில மட்கு, வயல் மண் கலந்த குழிகளின் மேல் தெளிப்பானை நிரப்பியும் கழுவியும் வருகிறார்கள். அங்கே வேலை செய்பவை மண்ணில் இயல்பாக உள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களுமே.

நீங்கள் நாளையே செய்யக்கூடியது, தெளிப்பானைக் கொல்லையிலேயே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்து அடித்த செடிகளுக்கே தெளித்துவிடுவது. வியாபாரி மறுபடி வந்தால், எந்த மருந்தை முறிக்கும், உடைந்த பொருளையும் அளந்து பார்த்தார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.