செல்லியல் ஆய்வாளர்களில் உங்களை மிகவும் ஈர்த்தவர் யார், ஏன்?

ஷின்யா இனோவே. கல்லூரிச் செய்முறை வகுப்பில் வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் சூடாக்கி, கண்ணாடி வில்லைக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தபோது, குரோமோசோம்கள் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. செல் பிரியும்போது அவற்றை இழுக்கும் கதிர்க்கோல் இழைகளை மட்டும் புத்தகத்தைப் பார்த்தே வரைந்தேன். நான் பார்த்தது செத்த செல் என்பதும் அப்போது உறைக்கவில்லை.

1950 வரை அறிஞர்களும் இந்த இழைகளைப் பற்றி வாதிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பதப்படுத்திய செல்லில் இழைகள் தெரிந்தன, உயிருள்ள செல்லில் தெரியவில்லை. ஆகவே அவை பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் உண்டாக்கிய போலித் தோற்றமே என்று பலர் கருதினர்.

1921இல் லண்டனில் பிறந்து டோக்கியோவில் படித்த இனோவே, உயிரியலாளர் கட்சுமா டானின் மாணவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த வறுமைக் காலத்தில், கழித்துப் போட்ட இயந்திரத் துப்பாக்கியின் அடிப்பாகத்தையும், விளக்கை மூடி வைக்க ஒரு தேயிலை டப்பாவையும் கொண்டு ஒரே தளத்தில் அதிரும் ஒளியால் பார்க்கும் தளவிளைவு நுண்ணோக்கி ஒன்றை அவரே கட்டினார். தளவிளைவுத் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்தால் பார்வைப் பரப்பு இருண்டுவிடும். ஒரே திசையில் அடுக்கப்பட்ட இழைகள் இடையில் இருந்தால் அவை மட்டும் ஒளிரும். சாயம் தேவையில்லை, செல்லையும் கொல்ல வேண்டியதில்லை.

பிறகு அமெரிக்கா சென்று 1951இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றார். கடற்புழு ஒன்றின் முட்டையிலும் லில்லி மகரந்தத் தாய்செல்லிலும் உயிருள்ள நிலையிலேயே இழைகளைக் காட்டும் அவருடைய கட்டுரை 1953இல் வெளியானது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த படி: முட்டையைக் குளிர்வித்தால் இழைகள் கரைந்து மறையும், வெப்பத்தைக் கூட்டினால் சில நிமிடங்களில் மீண்டும் உருவாகும். செல் பிரிவதைத் தடுக்கும் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளை இட்டாலும் மறையும். இழை என்பது நிலையான கயிறு அன்று, துணுக்குகள் சேர்ந்தும் பிரிந்தும் சமநிலையில் நிற்பது என்று அவர் முடிவுசெய்தபோது, இழைகளை ஆக்கும் டியூபுலின் என்ற புரதமே இன்னும் அறியப்படவில்லை. இந்த இழைகளில் உள்ள நுண்குழல்கள் ஒவ்வொன்றும் வளர்வதும் திடீரெனச் சரிவதுமாக இருப்பதை ஆய்வாளர்கள் மிட்சிசனும் கிர்ஷ்னரும் 1984இல்தான் காட்டினர்.

டார்ட்மத், பென்சில்வேனியா, கடைசியில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம் என்று பணியிடங்கள் மாறினாலும், நுண்ணோக்கியைத் திருத்தும் வேலையை அவர் விடவில்லை. 2019இல் மறைந்தார்.

நானும் பழைய நுண்ணோக்கியில் இரண்டு தளவிளைவுத் தகடுகளைப் பொருத்திப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மாவுத்துகள் ஒவ்வொன்றிலும் கருஞ்சிலுவை அழகாகத் தெரிகிறது. கதிர்க்கோல் இழை இன்னும் சிக்கவில்லை.