வீடியோவே இல்லாத பக்கம் ஏன் இழுக்கிறது?

கேள்வி: குரோமில் மூன்று வீடியோ ப்ளகின் போட்டிருக்கிறேன். ஒன்று டவுன்லோடுக்கு, ஒன்று வேகத்தைக் கூட்டிக் குறைக்க, இன்னொன்று மூலையில் மிதக்கும் சிறு ஜன்னலுக்கு. அதிலிருந்து வெறும் செய்திப் பக்கம் திறப்பதற்கே நேரமாகிறது. நெட் வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. வீடியோவே இல்லாத பக்கத்தில் இவற்றுக்கு என்ன வேலை?

பதில்: வீடியோ இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாதே! உள்ளே நுழைந்து தேடினால்தானே தெரியும்?

முன்பு ப்ளகின் என்றால் ஃபிளாஷ், அதாவது பக்கத்தில் வீடியோவும் விளையாட்டும் ஓட வைத்த மென்பொருள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கு முழுக்குப் போட்டுவிட்டது. கனமான ஆசாமிதான், ஆனால் தன்னைக் கூப்பிட்ட பக்கத்தில் மட்டுமே ஓடும். நீங்கள் போட்டிருப்பது எக்ஸ்டென்ஷன், குரோமோடு ஒட்டிக்கொண்டே ஓடும் துணை மென்பொருள். 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தகவலைப் படிக்கும், மாற்றும்' என்று அது கேட்டபோது நாம் படிக்காமலே சரி சொல்லியிருப்போம். அன்றிலிருந்து திறக்கிற பக்கம் ஒவ்வொன்றிலும் தன் ஸ்கிரிப்டை, அதாவது ஒரு சிறு நிரலை, இறக்குகிறது. புதிதாக வீடியோ முளைக்கிறதா என்று பக்கத்தின் ஒவ்வொரு அசைவையும் கவனிக்கிறது. செய்திப் பக்கத்தில் பத்து விளம்பரப் பெட்டிகள் இருந்தால், சில எக்ஸ்டென்ஷன்கள் அந்தப் பத்துக்குள்ளும் தனித்தனியாக ஓடும். டவுன்லோடு வகை இன்னும் மோசம். படம், எழுத்துரு என்று எது வந்தாலும் 'நீ வீடியோவா?' என்று விசாரிக்கும்.

நான் இதில் ஒரு வாரம் ஏமாந்தேன். ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்தி எது எவ்வளவு சுமை தருகிறது என்று காட்டும் குரோமின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், எக்ஸ்டென்ஷன் பெயருக்கு நேரே சிபியு கணக்கு பூஜ்யம். நல்ல பிள்ளை என்று விட்டுவிட்டேன். பக்கத்துக்குள் இறங்கிய ஸ்கிரிப்டின் செலவு அந்த டேப்பின் கணக்கில்தான் ஏறும் என்பது அப்புறம்தான் உறைத்தது. தின்றது ஒருவர், பில் இன்னொருவர் பெயரில்.

அதனால் இப்படிச் சோதியுங்கள். அதே பக்கத்தை இன்காக்னிட்டோ என்கிற தனி ஜன்னலில் திறங்கள். நீங்களாக அனுமதி தந்திருந்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன் ஓடாது. முதல் தடவையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்; கேஷ் (முன்பு இறக்கியவற்றைச் சேர்த்து வைக்கும் இடம்) காலியாக இருப்பதால் எப்படியும் தாமதமாகும். ரீலோடு செய்து பாருங்கள். அப்போது சட்டென்று வந்தால், வழக்கமான ஜன்னலுக்குத் திரும்பி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றும் தேவையா என்றால், என் பார்வையில் இல்லை. மிதக்கும் ஜன்னல் குரோமிலேயே உண்டு; யூடியூப் வீடியோமேல் இரண்டு முறை ரைட் கிளிக் செய்தால் மெனுவில் கிடைக்கும். விட மனமில்லாததை மட்டும், தள அனுமதியில் 'கிளிக் செய்தால் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். என்னுடைய வேக எக்ஸ்டென்ஷன் இப்போது அப்படித்தான் இருக்கிறது. என்ன, கிளிக் செய்ய மறந்துவிட்டு 'இது ஏன் வேலை செய்யவில்லை' என்று வாரம் ஒருமுறையாவது திட்டுகிறேன்.