மேக்பெத்தின் வீழ்ச்சி: மனைவியின் சீண்டல்தான் காரணமா?

இல்லை. "நீ ஆண்தானா என்று மனைவி சீண்டியதால்தான் மேக்பெத் மன்னன் டங்கனைக் கொன்றான்" என்று, ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம் பற்றிய உங்கள் கட்டுரை வைக்கும் வாதம் பாதிதான் நிற்கும். ஆசை முன்பே அவனுக்குள் இருந்தது; அதைத் தடுத்த தயக்கத்தைத்தான் அவள் உடைத்தாள்.

அங்கம் 1, காட்சி 7-ஐ மட்டும் தனியே படித்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அதில் கொலை வேண்டாம் என்கிறான். ஆணுக்குத் தகுந்ததை மட்டுமே செய்வேன், அதை மீறுபவன் ஆணே அல்ல என்கிறான். அருமையான இடம் அது! ஆண்மைக்கு அவனிடமே ஒரு வரம்பு இருந்திருக்கிறது. துணிந்தால்தான் ஆண் என்று அவள் அதை மாற்றிவிடுகிறாள்.

சரிபார்க்க:
1. அங்கம் 1, காட்சி 3: மனைவியைச் சந்திக்கும் முன்பே கொலை எண்ணம் அவனை உலுக்குகிறது.
2. அங்கம் 3, காட்சி 1: சக தளபதி பாங்க்வோவைக் கொல்ல ஆள் அமர்த்தும்போது, அவள் வீசிய அதே ஆண்மைச் சீண்டலை இவன் அவர்கள்மீது வீசுகிறான். அடுத்த காட்சியில், திட்டத்தை அவளிடமே மறைக்கிறான்.

குற்றவுணர்வைக் கடைசிப் பத்தியில் ஒட்டவைக்காதீர்கள். கொலை முடிந்ததுமே 'ஆமென்' சொல்ல முடியாமல் அவன் தொண்டை அடைக்கிறது. அங்கம் 5-இல் தூக்கத்தில் நடந்து கை கழுவுபவள் அவள்.