தாடையில் இரட்டை நரம்புக்குழாய்: ஞானப்பல்லை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஞானப்பல் வலிக்கு, தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தேன். கீழ்த்தாடை நரம்புக்குழாய் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, பல்லின் வேர் அதை ஒட்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். பல்லை எடுத்தால் உதடு நிரந்தரமாக மரத்துவிடும், கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்தேன். இரண்டு மாதமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன்.

பதில்: இரட்டைக் குழாயை விட்டுத்தள்ளுங்கள். அது நோயே இல்லை. கருவில் தாடை உருவாகும்போது நரம்புக் கிளைகள் தனித்தனியாக உள்ளே போய், பிறகு ஒரே குழாயில் சேரும். சிலருக்கு ஒரு கிளை சேராமல் நின்றுவிடும், அவ்வளவுதான். பல் எடுக்கும் டாக்டருக்கு மட்டும் அது தெரிய வேண்டும். வழக்கமான மரப்பு ஊசி முழுதாகப் பிடிக்காவிட்டால், இன்னோர் இடத்திலும் போடுவார்.

கவனிக்க வேண்டியது, வேர் ஒட்டியிருக்கிறது என்ற வரிதான். ஓபிஜி தட்டையான படம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். குழாயின் வெள்ளைக் கோடு வேரைத் தாண்டும் இடத்தில் அறுந்திருந்தாலோ, வேர் அங்கே கறுத்துத் தெரிந்தாலோதான் எங்களுக்குச் சந்தேகம் வரும். கீழுதட்டுக்கு உணர்வு தரும் அந்த நரம்பு கன்னப்பக்கமா நாக்குப்பக்கமா, நடுவில் எலும்பு இருக்கிறதா என்பதை சிபிசிடி காட்டிவிடும். நிஜமாகவே ஒட்டியிருந்தால், வேரை உள்ளேயே விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. பல் எடுத்தபின் உதடு மரத்துப்போவது சிலருக்கு நடப்பதுதான். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

கதிர்வீச்சா? அந்தப் பல்லை மட்டும் படமெடுக்கும் சிறிய ஸ்கேனில் கிடைப்பது, இயற்கையிலிருந்தே நாம் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் அளவுதான்.

நான் கேட்க நினைப்பது வேறு. இப்போதே உதட்டில் மரப்பு இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு, திரித்த பஞ்சால் கீழுதட்டையும் முகவாயையும் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். பலர் இதை ஷேவ் செய்யும்போதுதான் கவனிக்கிறார்கள். ஒரு பக்கம் பிளேடு படுவதே தெரிவதில்லை. ஊசி போடாமல், அடிபடாமல், பல்லைத் தொடாமல் ஒரு பக்கம் மரத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நரம்பை ஏதோ அழுத்திக்கொண்டிருக்கலாம். சீழாக இருக்கலாம், தாடைக் கட்டியாக இருக்கலாம்; அரிதாக, உடலில் வேறெங்கோ உள்ள புற்றுநோய் முதலில் தெரிவதே இப்படித்தான். அந்த வாரமே வாய், தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பல்லை மூடியிருக்கும் ஈறுக்கு அடியில் சோறு சிக்கி அழுகுவதை எந்த மாத்திரையும் எடுத்துவிடாது. வலி அடங்கினாலும், உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கலாம். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை என்றால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் இந்த வாரம் ஸ்கேனை எடுத்து, பல்லை எடுக்கத் தேதி வாங்குங்கள்.