பழைய பிக்கப்பில் தவழ்ந்து ஏறும் பவர் விண்டோ: மோட்டாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயம் செய்கிறேன். 2011ஆம் ஆண்டில் வாங்கிய டபுள் கேபின் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். இடது முன்கதவின் கண்ணாடி இறங்கும்போது பரவாயில்லை. ஏறும்போது பத்துப் பன்னிரண்டு விநாடி எடுத்துக்கொள்கிறது. மழைநாளில் பாதியில் நின்றுவிடுவதால் கையால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியும் முன்புபோல் வேகமாக இல்லை. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகலாம், ஆனால், மோட்டாருக்கு எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்று பார்க்காமல் அதை மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பத்தாண்டு கடந்த வண்டிகளில் கண்ணாடி மெதுவாவதற்கு மோட்டாரின் தேய்மானம் மட்டுமே காரணமாக இருப்பது குறைவு. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலின் இறுக்கமும், சுவிட்சிலும் வயரிலும் வழியிலேயே தொலைந்துபோகும் வோல்ட்டேஜும் சேர்ந்துதான் பெரும்பாலும் இந்த நிலையை உண்டாக்குகின்றன. இவை இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் புது மோட்டார் போட்டால், சில மாதம் சற்று வேகமாக ஓடிவிட்டு அதுவும் திணறத் தொடங்கும்.

முதலில், செலவில்லாத வேலை. உங்கள் கண்ணாடி இறங்கும்போது ஓரளவு ஓடி, ஏறும்போது மட்டும் திணறுகிறது. மழையில் இன்னும் மோசமாகிறது. உராய்வு கூடியிருப்பதற்கான அடையாளம் இது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, இரு பக்கமும் உள்ள சேனலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். புதிய சேனலின் உட்புறம் மென்மையான பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும். பழையதில் அந்தப் பஞ்சு தேய்ந்து வெறும் ரப்பர் தெரியும், மடிப்புகளில் செம்மண்ணும் தூசியும் கெட்டிப்பட்டிருக்கும். தோட்டத்து மண் பாதையில் தினமும் ஓடும் வண்டியில் இதைத் தவிர்க்க முடியாது. சோப்பு நீரில் நனைத்த துணியை ஒரு மெல்லிய மரச்சட்டத்தில் சுற்றிச் சேனலின் அடிவரை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அதன்பின் சிலிகோன் ஸ்பிரேயை மெலிதாக அடித்துக் கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் ஆகியவற்றைச் சேனலில் தடவவே கூடாது. கனிம எண்ணெய் ரப்பரை உப்பவைக்கும். உப்பிய ரப்பர் கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மேலே ஒட்டும் தூசி உப்புத்தாள்போல் கண்ணாடியைத் தேய்க்கும். முகப்பவுடர் போடும் வழக்கமும் உண்டு. வெயில் நாளில் அது உதவுவதுபோல் தோன்றினாலும், மழைநீர் பட்டதும் பசையாகிச் சேனலின் அடியில் உறைந்துவிடும். ரப்பர் வெடித்தோ கல்லாக இறுகியோ போயிருந்தால் எந்த ஸ்பிரேயும் பயன்படாது. புதுச் சேனல் வாங்கிப் பொருத்துவதே வழி.

இனி மின்சாரப் பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பணம் செலவழிக்கிறார்கள். பவர் விண்டோ மோட்டார் ஒரு சாதாரண டி.சி. மோட்டார்; தனக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜுக்கு ஏற்பவே அதன் வேகம் அமையும். கண்ணாடியைத் தூக்கும்போது அது பொதுவாக ஐந்து முதல் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். அந்த மின்சாரம் முழுவதும், பழைய வண்டிகளில், நீங்கள் விரலால் அழுத்தும் சிறிய சுவிட்சுக்குள் இருக்கும் செம்புத் தகடுகளின் வழியாகவே பாய்கிறது. அந்தத் தகடுகள் கறுத்து, தொடும் இடத்தில் 0.3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆம்பியர் பாயும்போது அங்கேயே 2.4 வோல்ட் தொலைந்துவிடும். அது ஏறத்தாழ 19 வாட் வெப்பமாக மாறிச் சுவிட்சின் பிளாஸ்டிக்கை இளகவைக்கும். நான்கைந்து முறை தொடர்ந்து இயக்கியபின் சுவிட்சைத் தொட்டுப் பார்த்து, அது சுடுகிறது என்றால், சந்தேகம் பாதி தீர்ந்தது.

இடது கதவு வலது கதவைவிட மோசமாக இருப்பதற்கும் இதில் விளக்கம் உண்டு. ஓட்டுநர் கதவில் உள்ள பிரதான சுவிட்சிலிருந்து இடது கண்ணாடியை இயக்கும்போது, பெரும்பாலான பழைய வயரிங்கில், மின்சாரம் பிரதான சுவிட்சைக் கடந்து, இடது கதவின் சுவிட்சையும் கடந்து, மோட்டாருக்குள் சென்று, மீண்டும் அதே இரண்டு சுவிட்சுகளின் வழியாகத்தான் எர்த்துக்குத் திரும்புகிறது. ஒரு கதவுக்கு நான்கு தொடுமுனைகள். ஆகவே, இடது கண்ணாடியை அதன் சொந்தச் சுவிட்சால் ஒரு முறையும் ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒரு முறையும் ஏற்றிப் பாருங்கள். வேகத்தில் வேறுபாடு தெரிந்தால், மெதுவாக இயக்கும் சுவிட்சைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவீடு. டோர் பேடை (கதவின் உட்புற மூடியை) கழற்றி, மோட்டாரின் கப்ளரை (வயர்களைச் செருகும் இணைப்பியை) பிடுங்காமல், அதன் பின்புறத்திலிருந்து மல்டிமீட்டரின் முனைகளை இரண்டு வயரிலும் செருகுங்கள். கப்ளரைப் பிடுங்கிவிட்டு அளந்தால், மின்சாரமே பாயாததால் கெட்டுப்போன வயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியில் 14 வோல்ட் அளவுக்கு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அளவைப் படியுங்கள். மோட்டாரில் 12.5 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தும் கண்ணாடி தவழ்ந்தால், குறை சேனலிலோ, கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டர் என்ற அமைப்பிலோ, மோட்டாரிலோ இருக்கிறது. 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மோட்டாரைத் தொடாதீர்கள்; வழியில் வோல்ட்டேஜ் திருட்டு நடக்கிறது. அது எந்தப் பக்கம் என்று அறிய, கண்ணாடி ஏறும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் வயருக்கும் இடையே ஒரு முறையும், மோட்டாரின் நெகட்டிவ் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே ஒரு முறையும் அளந்தால் போதும். எந்தப் பக்கம் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அங்கே தேடுங்கள்.

தேடும்போது மறக்கக் கூடாத இடம், கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்குகின்றன. வெளியே உறை நன்றாகவே தெரியும். உள்ளே செம்பு இழைகளில் பெரும்பகுதி அறுந்து, மிஞ்சிய சிலவே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி ஓடும்போது கதவை மெல்ல ஆட்டினால் வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைச் சால்டர் வைத்து இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். இணைப்பு மடங்கும் இடத்தில் வராமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

மோட்டார் அல்லது ரெகுலேட்டரில்தான் குறை என்று தெரிந்தால், கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவித்து, டேப் ஒட்டி மேலே நிறுத்திவிட்டு, ரெகுலேட்டரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது விரைவாக ஓடினால் பழி ரப்பரின் மேல். அதுவும் முனகினால் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தால் பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டர்களில் கண்ணாடியின் எடையைச் சமன்செய்யச் சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கேற்றி வைக்கப்பட்டிருக்கும். பல்சக்கரத் தகட்டை ஒரு போல்ட்டால் சட்டத்தோடு பூட்டாமல் மோட்டாரைக் கழற்றினால், ரெகுலேட்டரின் கை முழு வேகத்தில் திரும்பி விரலை நசுக்கிவிடும். முன்பின் செய்யாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சேனலும் வயரும் சரியான பின்பும் வேகம் போதவில்லை என்றால், ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைப்பது நல்ல மாற்றம். ஒரு கதவுக்கு ஐந்து கால் ரிலே இரண்டு தேவை. இரண்டின் 30ஆம் காலும் மோட்டாரின் இரு வயர்களுக்கு. 87ஆம் கால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயருக்கு. 87ஏ கால் எர்த்துக்கு. பழைய சுவிட்சிலிருந்து வரும் இரு வயர்களும் இரு ரிலேக்களின் 86ஆம் காலுக்கு. 85ஆம் கால் எர்த்துக்கு. சுவிட்சைத் தொடாதபோது மோட்டாரின் இரு முனையும் எர்த்தில் நிற்கும். சுவிட்ச் இனி எட்டு ஆம்பியர் சுமக்காது. ரிலேயின் சுருளுக்கு வேண்டிய சுமார் 0.15 ஆம்பியரை மட்டும் சுமக்கும். 20 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வையுங்கள். ரிலேக்களைக் கதவின் அடியில் வைக்காமல் டேஷ்போர்டுக்குக் கீழே வையுங்கள், ஏனெனில் கதவுக்குள் மழைநீர் இறங்கி ஓடுவது இயல்பு. கண்ணாடியில் விரல் சிக்கினால் தானாக இறங்கும் வசதியுள்ள வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கணக்கு குலைந்துவிடும்.

உங்கள் வண்டிக்கு என் வரிசை இதுதான்: சேனலைச் சுத்தம் செய்து சிலிகோன், அதன்பின் இரண்டு சுவிட்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல், அதன்பின் மல்டிமீட்டர். வேலை முடிந்து டோர் பேடை மாட்டும்போது, அதன் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிந்த இடத்தில் டேப் போட்டுத் திரும்ப ஒட்டிவிடுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டால் அடுத்த மழைக்கே சுவிட்சுக்குள் ஈரம் ஏறி, செம்புத் தகடுகள் மறுபடியும் கறுக்கத் தொடங்கிவிடும்.